ஒன்றரை அங்குலம்

ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை. காற்று சரிபார்க்க வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காத்தே இல்லியே சார். எவ்ளோ வெக்கணும்?"

"முப்பது பவுண்டு இருந்தா போதும்ணே."

"முப்பதா? ரேஸ் வண்டி மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார் வெச்சிக்கினு முப்பதுன்றீங்க. எண்பது வெச்சாதான் வண்டி ஓடும்."

"ரேஸ் வண்டி இல்லண்ணே. கிராவல் பைக்குன்னு பேரு."

"கிராவலா? லாரில லோடு அடிப்பாங்களே, அந்த கிராவலா?"

அதேதான் என்றேன். பக்கத்து டீக்கடை வரை கேட்கச் சிரித்தார்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கிராவல் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்து வரும் மண். மனையை மேடாக்கவும், ரோட்டுக்கு அடியில் கொட்டவும் லோடு கணக்கில் விலை பேசுகிற சரக்கு. அதன்மேல் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள் செய்து, அதற்கு மோட்டார் சைக்கிளின் விலையை வைத்திருக்கிறார்கள் என்றால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

இந்த வகை வண்டிக்குத் தனிப்பெயர் வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிறிய ஊரில், தார் காணாத பண்ணைச் சாலைகளில் 200 மைல் ஓட்டும் பந்தயம் ஒன்றை 2006இல் தொடங்கினார்கள். அதற்கு ரேஸ் சைக்கிளும் ஒத்துவரவில்லை, மலைச் சரிவில் ஓட்டும் முரட்டு சைக்கிளும் ஒத்துவரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உருவாயிற்று: வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், சுமார் 40 மில்லிமீட்டர் அகல டயர். 2022இல் உலக சைக்கிள் கூட்டமைப்பான யூ.சி.ஐ. இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் இதற்கென முதல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது. பந்தயத்தை விட்டுவிட்டால், இந்த வண்டிக்காரர்கள் விரும்பிப் போவது காட்டுப் பாதைகளுக்கும் கால்வாய்க் கரைகளுக்கும்தான். பிரான்சில் 1681இல் திறக்கப்பட்ட மிடி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளம். அதன் கரையில் குதிரைகள் படகை இழுத்து நடந்த தடத்தில் இன்று சைக்கிள்கள் போகின்றன.

படகை இழுத்து நடந்த கரை நம்மிடமும் உண்டு. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பிறகு பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரம் வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களை வைத்துச் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தபின், 1878இல், அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் இதில்தான் பட்டணத்துக்கு வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கோல், அதுவும் முடியாத இடத்தில் ஆட்கள் கரையேறிக் கயிறு கட்டி இழுப்பார்கள். இன்று அந்தக் கரை பல இடங்களில் கரையாகவே இல்லை. சைக்கிளைத் தோளில் சுமக்கப் பிரியமுள்ளவர்கள் போகலாம்.

நான் போனது கிருஷ்ணா கால்வாய்க் கரைக்கு. தமிழ்நாடும் ஆந்திரமும் 1983இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலா, கண்டலேறு அணைகள் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் கால்வாய் இது. 1996இல்தான் முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது. கண்டலேறிலிருந்து மாநில எல்லை வரை 152 கிலோமீட்டர். ஊத்துக்கோட்டையை ஒட்டிய தாமரைக்குப்பத்தில் 'ஜீரோ பாயின்ட்', அங்கிருந்து பூண்டி ஏரி வரை 25 கிலோமீட்டர். பூண்டி என்பது கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டிமுடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்தபோது அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்வாய்க் கரை பொதுச்சாலை அல்ல, நீர்வளத்துறையின் ஜீப் போவதற்கான பராமரிப்புப் பாதை. கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். தண்ணீர் ஓடும் காலத்தில் விளிம்பை ஒட்டி ஓட்டக் கூடாது. சரிவான கான்கிரீட் பக்கச்சுவரில் பாசி படிந்திருக்கும். விழுந்தவர் நீச்சல் தெரிந்தாலும் ஏறிவர முடியாது. கால்வாய்க் கரையில் பார்க்கும் பல படித்துறைகளும் கம்பி ஏணிகளும் இதற்காகத்தான்.

கால்வாய்க் கரை சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு தோதாக இருக்கிறது? தண்ணீரின் குணம்தான் காரணம். சரிவு கூடினால் ஓட்டம் வேகமெடுத்துக் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் அடியில் படியும். இரண்டுக்கும் நடுவில் பிடித்து, பெரிய கால்வாய்களுக்குப் பொதுவாகக் கிலோமீட்டருக்குப் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் வரைதான் சரிவு வைப்பார்கள். மேடு வந்தால் வெட்டி, பள்ளம் வந்தால் கரை உயர்த்தி, ஓடை வந்தால் தொட்டிப்பாலம் கட்டி அந்தச் சரிவைக் காப்பாற்றுவார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து இவ்வளவு சமதளமான பாதையைச் சைக்கிளுக்கென்று யாரும் போடப்போவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நானும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 90 கிலோ. கிலோமீட்டருக்குப் பதினைந்து சென்டிமீட்டர் சரிவில் ஏறுமுகமாகப் போனால், அந்தச் சரிவு என்னைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 13 கிராம் எடைக்குச் சமம். ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரை. அதே 90 கிலோ, முப்பதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மேம்பாலத்தில் ஏறும்போது பின்னிழுப்பு 3 கிலோ. ஆக, கால்வாயில் தண்ணீர் போகும் திசையில் போனாலும் எதிர்த்திசையில் போனாலும் காலுக்கு வித்தியாசமே தெரியாது.

தெரிவது வேறு இரண்டு தடைகள்தான். நல்ல மண்பாதையில் டயர் உருளும்போது ஏற்படும் தடை என் எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 900 கிராம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், காற்று அசையாத நேரத்திலும், எதிரே உள்ள காற்றைப் பிளந்து போவதற்கு ஏறத்தாழ 750 கிராம். எதிர்காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அந்த 750 கிராம் 2.3 கிலோவாகிவிடும். காற்றுத்தடை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால் வரும் வினை இது. கால்வாய்க் கரையோ உயர்ந்த மேடு, மறைப்புக்கு மரம் கிடையாது. அதனால் கிழக்கே கடலைப் பார்த்துப் போகிறவர்கள் விடியலில் கிளம்புவது புத்திசாலித்தனம். அந்த நேரத்தில் குளிர்ந்த தரையிலிருந்து காற்று கடலை நோக்கிப் போகும், முதுகைத் தள்ளும். வெயில் ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடற்காற்று உள்ளே புகும். பழவேற்காட்டில் முற்பகலிலேயே வந்துவிடும், ஊத்துக்கோட்டை வரை வந்துசேரப் பிற்பகல் ஆகும். திரும்பும்போதும் முதுகுக்குப் பின்னால் காற்று. ஆனி, ஆடியில் மேற்குக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் இந்தக் கணக்குப் பொய்த்துப்போகும். அனுபவித்திருக்கிறேன்.

தாமரைக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் போனபின் எதிரே லஸ்கர் ஒருவர் சைக்கிளில் வந்தார். லஷ்கர் என்றால் பாரசீகத்தில் படை. படைச் சேவகனுக்கும் கப்பல் ஆளுக்கும் வெள்ளைக்காரர்கள் சொன்ன அந்தப் பெயர், பாசனத் துறையில் ஷட்டரையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு ஒட்டிக்கொண்டது. அவர் ஓட்டிவந்தது பழைய ஹெர்குலிஸ், அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் வண்டி. கேரியரில் மண்வெட்டி, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை. என்னைக் கடந்துபோகும் தோரணையிலேயே வந்தவர், என் வண்டியைப் பார்த்ததும் கால் ஊன்றினார்.

"என்னா தம்பி, கரையில ரேஸா?"

சும்மா ஓட்டிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, "ஐயா, உங்க டயரைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். விநோதமான வேண்டுகோள்தான். தாராளமாகப் பார் என்று வண்டியை ஸ்டாண்ட் போட்டார். பக்கச்சுவரில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டினேன். பாதி தேய்ந்த எழுத்தில் 28 x 1½ என்றிருந்தது. இந்தியா முழுக்கப் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அளவு. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். இதே டயருக்குச் சர்வதேச அளவுமுறையில் உள்ள குறியீடு 40-635. என் டயரில் உள்ளது 40-622. முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வேறுபாடு, அகலம் ஒன்றே. போன வருஷம் புதுமை என்று நான் காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

பிறகு ஏன் இடையில் ஒரு நூற்றாண்டு எல்லோரும் மெலிந்த டயரின் பின்னால் ஓடினார்கள்? அதுதான் இதில் சுவாரசியமான கதை.

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845லேயே காப்புரிமை பெற்றார். அப்போது சைக்கிளே சரியாகப் பிறக்காததால் அது தூங்கிப்போனது. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், கல் பாவிய தெருவில் மூன்று சக்கர வண்டி ஓட்டிய மகன் குலுங்காமல் போக வேண்டும் என்று ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். சொகுசுக்குச் செய்த வேலை. அடுத்த ஆண்டே பந்தயங்களில் காற்று டயர் போட்ட வண்டி, கெட்டி ரப்பர் போட்ட வண்டிகளை வரிசையாகத் தோற்கடித்தது. 1891இல் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு அதைப் போட்டு ஓட்டிய ஷார்ல் தெரோன், பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெயித்தார். அந்த மிச்செலினின் லாரி டயர் ஆலை இன்று இந்தக் கால்வாய்க்குக் கிழக்கே, கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் இருக்கிறது. அந்த சிப்காட்டுக்காக மேய்ச்சல் காடு போகிறதே என்று ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் போராடியதும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

குலுங்காமல் போனால் வேகமாகவும் போகலாம் என்பதுதான் டன்லப்பின் டயர் காட்டிய பாடம். அதைப் பந்தய உலகமே மறந்தது. ஆய்வுக்கூடத்தில் டயரைச் சோதிப்பவர்கள் வழவழப்பான இரும்பு உருளைமேல் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே காற்று கூடக்கூடத் தடை குறைந்தது. டயர் உருளும்போது தரையில் படும் பகுதி அமுங்கி மீள்கிறது. ரப்பர் முழுதாக மீளாமல் கொஞ்சம் சக்தியைச் சூடாக விழுங்கிவிடுகிறது. காற்று அதிகமென்றால் அமுங்கல் குறைவு, இழப்பும் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் இரும்பு உருளையில் கல் கிடையாது. சீட்டில் மனுஷனும் கிடையாது.

கரையில் மீட்டருக்கு ஒரு கல், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் கல்லுபோல் இறுகியிருந்தால், அந்தக் கல்மேல் ஏறும்போது வண்டியோடு என்னையும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் தூக்க வேண்டும். 90 கிலோவை ஒரு சென்டிமீட்டர் தூக்குவதற்கு ஏறத்தாழ 9 ஜூல். மறுபக்கம் இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மீதி 'தட்' என்று தரையில் மோதி, முதுகெலும்பிலும் தோளிலும் தொடைச் சதையிலும் குலுக்கமாய்ப் பரவிச் சூடாகிவிடும். முழுவதும் வீணானால், மீட்டருக்கு 9 ஜூல் இழப்பு என்பது 900 கிராம் கூடுதல் தடை. தரையின் மொத்தத் தடையே 900 கிராம்தான் என்று மேலே பார்த்தோம். ஆக, மீட்டருக்கு ஒரே ஒரு கல் அதை இரட்டிப்பாக்கிவிட முடியும். டயர் இளக்கமாக இருந்தாலோ, கல் டயருக்குள் அமுங்கிவிடும், அச்சு உயராது. டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். உடம்பு குலுங்குவதை வெறும் வலியென்று விட்டுவிட முடியாது. கால் போட்ட உழைப்பு வெளியே கசியும் ஓட்டை அது.

2000களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' இதழை நடத்திய யான் ஹைனே என்பவர், உருளையை விட்டுவிட்டு உண்மையான சாலையில், உண்மையான ஆளை உட்காரவைத்து டயர்களை ஓட்டிப் பார்த்தார். அகலமான டயரில் காற்றைக் குறைத்தால் வேகம் குறையவில்லை. கரடுமுரடான இடத்தில் கூடவே செய்தது. ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். இன்று தார்ச்சாலைப் பந்தயக்காரர்களே 23 மில்லிமீட்டரை விட்டு 28க்கும் 30க்கும் வந்துவிட்டார்கள்.

கடைக்காரர் சொன்ன எண்பதையும் என் முப்பதையும் இப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் கடைகளில் பவுண்டு என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. பின்சக்கரத்தில் விழும் எடை 50 கிலோ, அதாவது 110 பவுண்டு. 80 பவுண்டு காற்று இருந்தால் அந்த எடையைத் தாங்க 1.4 சதுர அங்குலம் தரையில் பட்டால் போதும், பாதித் தீப்பெட்டி. 30 என்றால் 3.7 சதுர அங்குலம், முழுத் தீப்பெட்டியை விடப் பெரிது. பரப்பு கூடினால் இளகிய மண்ணில் சக்கரம் புதைவது குறையும், திருப்பத்தில் வழுக்காது. இவ்வளவு குறைந்த காற்றை மெலிந்த டயரில் வைத்தால் கல்லில் மோதும்போது ரிம் தரையைத் தொட்டுவிடும், டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். கடைக்காரர் பயந்தது அதற்குத்தான். அகலம் இருப்பதால்தான் குறைக்க முடிகிறது. அகலமும் குறைந்த காற்றும் ஜோடி.

லஸ்கரின் வண்டியும் என் வண்டியும் ஒன்றுதான் என்று சொல்லவரவில்லை. அவருடையது 20 கிலோவுக்கு மேல், என்னுடையது அதில் பாதி. அவர் டயரின் உள்துணி தடிப்பு. கேரியரில் இரண்டு மூட்டை ஏற்றினாலும் தாங்கும், ஆனால் விறைப்பாக இருப்பதால் கல்லை அவ்வளவு நன்றாக விழுங்காது. மழையில் அவர் பிரேக் பிடிப்பது வேண்டுதல் மாதிரி. ஆனால் நீண்ட உடல், சாய்ந்த முன்ஃபோர்க், நிமிர்ந்து உட்காரும் சீட் எல்லாம் கரடுமுரடான பாதையில் வண்டி அலையாமல் நேரே போவதற்கான ஏற்பாடுகள். கிராவல் பைக் செய்கிறவர்களும் ரேஸ் வண்டியின் நெட்டுக்குத்தான ஃபோர்க்கைச் சாய்த்து, உடலை நீட்டி, இந்தப் பக்கமாகத்தான் நகர்ந்து வந்திருக்கிறார்கள்.

டயரைப் பற்றிப் பேசிவிட்டு, அது உருளும் மண்ணைப் பற்றிப் பேசாமல் போவது நியாயமில்லை. இந்தப் பக்கத்துச் சிவப்புச் சரளையில் பெரும்பகுதி செம்புறாங்கல் வகை. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் நாட்டில் பாறையின் கரையும் சத்தெல்லாம் போய், இரும்பும் அலுமினியமும் ஆக்சைடாகத் தங்கி இறுகுவது அது. கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்ததை வைத்து, பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியிட்ட நூலில் அதற்கு லாட்டரைட் என்று பெயர் வைத்தார். செங்குன்றம் செங்குன்றமானதும் இந்த இரும்பால்தான். சரளைக்கு நடுவே உள்ள களிமண் தூள் பசைபோலப் பிடித்துக்கொள்வதால், லேசான ஈரத்தில் அமுக்கிவிட்டால் பாதை தார் மாதிரி இறுகிவிடும். கோடையில் லாரிகள் அரைக்க அரைக்க அந்தத் தூள் புழுதியாய்ப் பறந்துபோய், மேலே உருண்டைச் சரளை மட்டும் கோலிக்குண்டாய்க் கிடக்கும். முன்பிரேக்கை அப்போது தொட்டால் விழுப்புண் நிச்சயம்.

சில இடங்களில் முட்டை அளவில் வழுவழுப்பான கூழாங்கற்களும் கிடக்கின்றன. ஜல்லி ஒன்றோடொன்று மூலை கோத்துப் பூட்டிக்கொள்ளும். கூழாங்கல் உருண்டு நழுவும். வண்டிக்காரனுக்கு எரிச்சல். ஆனால் இந்தக் கல்லின் வரலாறு தெரிந்தால் கொஞ்சம் மரியாதை வரும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் மணலாய்ப் படிந்து இறுகிய நகரி மலைக் குவார்ட்சைட் உடைந்து, டைனோசர் காலத்து ஆறுகளில் உருண்டு மழுங்கி, சத்தியவேடு பகுதியிலும் அல்லிக்குழி மலைகளிலும் கூழாங்கல் பாறையாகப் படிந்தது. அந்தக் குவார்ட்சைட்டைப் பொறுக்கித்தான் பூண்டிக்கு அருகே கொசஸ்தலையாற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதர்கள் கைக்கோடரி செதுக்கினார்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட காலக்கணிப்பின்படி அங்குள்ள பழமையான கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. முன்சக்கரம் தெறிக்கவிட்டுக் கணுக்காலில் அடித்த கல்லை எடுத்துப் பார்த்தேன். கைக்கு அடக்கமாக, ஒரு பக்கம் உடைந்து, விளிம்பு கூராக இருந்தது. செதுக்கியதா, லாரி உடைத்ததா என்று சொல்ல எனக்குத் தேர்ச்சி போதாது. கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சிப்காட் பக்கம் போனால் தரை வேறு ரகம். லாரிகள் ஓடும் மண்பாதையில் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடு பள்ளம், துணி துவைக்கும் பலகை போல. லாரியின் ஸ்பிரிங்தான் இதற்குக் காரணம் என்று வெகுநாள் நம்பினார்கள். 2007இல் பிரான்ஸ், கனடா, இங்கிலாந்து இயற்பியலாளர்கள் சேர்ந்து, சுழலும் மணல் மேடையின்மேல் ஒரு சாதாரணச் சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாமலே வரிகள் வந்தன. வேகம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் போதும், எந்தச் சிறு மேட்டிலும் சக்கரம் துள்ளி, விழுந்த இடத்தில் பள்ளம் பறித்து, அடுத்த மேட்டைத் தானே உண்டாக்குகிறது. வரிகள் வண்டி போகும் திசையில் மெல்ல நகரவும் செய்கின்றன. அந்த எல்லைக்குக் கீழே ஓட்டினால் பாதை சமமாகவே இருக்கும். ஆனால் அது மாட்டுவண்டி வேகம், லோடு ஏற்றியவர் கேட்பாரா?

வரிகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 12 கிலோமீட்டரில் போகும் எனக்கு நொடிக்கு ஐந்தாறு குலுக்கல். மனித உடம்பின் நடுப்பகுதி இயல்பாக அதிர்வது நொடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரம் கூடுவதுபோல, அந்த வேகத்தில் வயிறு தனியாகக் குதிக்கும். வேகத்தை 25க்கு மேல் கொண்டுபோனால் வயிறு தப்பித்துவிடும், விரல் மரத்துப்போகும். இதற்கு எந்த டயரும் முழு மருந்தல்ல. ஓரமாகப் போவதே வழி. தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள், அந்த வரிகளுக்கு வெளியே ஒரு முழ அகலத்தில் வழவழவென்று ஒற்றையடித் தடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நாள் பழவேற்காடு போனேன். மார்கழி. ஏரியில் பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. 1980 முதல் சரணாலயமான ஏரி, கிட்டே போகும் எண்ணமே வேண்டாம். அங்கே கடலோர மணலில் என் 40 மில்லிமீட்டர் பெருமையெல்லாம் பத்தடியில் புதைந்தது. காய்ந்த மணலில் மணிகள் தனித்தனி, சக்கரம் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டே கீழே இறங்கும். அலை நனைத்துவிட்டுப் போன பட்டையில் மட்டும் மணிகளுக்கு இடையே நீர் சிறு பாலங்களாகத் தொங்கி, பரப்பு இழுவிசையால் மணிகளை ஒன்றையொன்று கட்டிப்பிடிக்க வைக்கிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஈரம் போதும். ஒரேயடியாகத் தண்ணீர் நிறைந்தால் பாலமே இல்லாமல் போய் மறுபடி இளகிவிடும். அந்தப் பட்டை ஆளுயரத்துக்கு மேல் அகலமில்லை. அதில் சற்றுத் தூரம் பிரமாதமாக ஓட்டினேன். பிறகு அலை வந்துவிட்டது. உப்புத்தண்ணீர் பட்ட செயினைத் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஊத்துக்கோட்டைக்கு வருகிறேன். அன்று மாலை கால்வாயிலிருந்து திரும்பி அதே கடையில் தண்ணீர் கேட்டு நின்றபோது, கடைக்காரரின் கண் நேராகப் பின் டயருக்குப் போனது. வேலிகாத்தான் முள் ஒன்று, அரை விரல் நீளம், தலைவரை இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்றே தெரியாது.

"முள்ளு ஏறிக்கீது சார்."

"எடுக்காதீங்கண்ணே, உள்ள மருந்து..." நான் சொல்லி முடிப்பதற்குள் குறடால் பிடுங்கிவிட்டார். உஸ்ஸென்று வெள்ளைப் பால் அவர் சட்டையில் பீய்ச்சியது. பதறி விரலால் ஓட்டையைப் பொத்தினார். சக்கரத்தைச் சுற்றி ஓட்டையை அடிப்பக்கம் கொண்டுவரச் சொன்னேன். மூன்று நான்கு குமிழி வந்தது, பிறகு நின்றுவிட்டது. விரலால் தடவிப் பார்த்து, முகர்ந்தார்.

"ரப்பர் பாலு."

ஆமாம், டியூபே இல்லை, டயருக்குள் ரப்பர் பாலும் துகளும் கலந்த திரவம்தான் என்றேன். ஓட்டையை நோக்கிக் காற்று விரையும்போது துகள்களும் கூடவே போய் வாசலில் சிக்கிக்கொள்ளும், அதன்மேல் பால் உறைந்து அடைத்துவிடும். எண்பது பவுண்டு இருந்தால் அடைவதற்குள் பாதிப் பால் வெளியே போயிருக்கும், முப்பது என்பதால் பிழைத்தது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. டயரை இன்னொரு முறை கட்டைவிரலால் அமுக்கினார்.

"இருந்தாலும் ஒரு நாப்பது வெச்சிக்கோங்க சார்."